எருமைக்கு எத்தனை அவுன்ஸ் அம்பு

விதி தெளிவானது. காட்டு மிருகம் ஒன்று தோட்டத்துக்குள் புகுந்து ஆளுக்கோ பயிருக்கோ கேடு செய்தால், தோட்டத்துரை அதை எழுத்தில் அரசாங்கக் கச்சேரிக்கு அறிவிக்க வேண்டும். கச்சேரி விசாரித்து அனுமதி தரும். அனுமதி கைக்கு வந்த பிறகு, உரிமப் பத்திரத்தில் எவருடைய பெயர் இருக்கிறதோ அவரே, அந்தப் பத்திரத்தில் கண்ட துப்பாக்கியாலேயே சுட வேண்டும். அதுவரை மிருகம் என்ன செய்ய வேண்டும் என்பதை மட்டும் விதி சொல்லவில்லை. பொறுமையாகக் காத்திருக்கும் என்று எழுதியவர்கள் நினைத்திருக்கலாம்.

தோட்டத்துக் கந்தோரில் எழுத்து வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பிமாருக்கு இதை எழுதுகிறேன். விதிகளைப் படியுங்கள், மனப்பாடமாக்குங்கள். நானும் செய்தேன், அதனால் எனக்கு ஒரு கெடுதலும் வந்ததில்லை. ஆனால் விதி நடக்கிற வேகம் ஒன்று, எருமை நடக்கிற வேகம் வேறு என்பதை ஒருநாள் நீங்களும் காண்பீர்கள். அன்றைக்கு உதவக்கூடிய ஒரு விஷயம் எனக்குத் தெரியும். அது அம்பின் எடையைப் பற்றியது. சிரிக்க வேண்டாம்.

மகாயுத்தத்துக்குச் சில வருடங்களுக்கு முந்திய காலம். தெஹியோவிட்டவுக்கு மேலே ஒரு ரப்பர்த் தோட்டத்தில் நான் பெரிய கிளாக்கர். பெரியதுரை விடுமுறையில் கப்பலேறிச் சீமைக்குப் போயிருந்தார். போகும்போது விதிப்படி தமது துப்பாக்கியைப் பொலிசில் ஒப்படைத்துவிட்டே போனார். தோட்டத்தில் இருந்த ஒரே துப்பாக்கி அதுதான். பொறுப்பில் இருந்தவர் சின்னத்துரை. வரலாமா வேண்டாமா என்று மீசை இன்னும் முடிவு செய்யாத வயது.

மார்கழி கடைசியில் ஆறாம் நம்பர் மலைக்கு அடியில் உள்ள ஓடைக்கு ஒரு தனிக் காட்டெருமைக்கடா வந்து சேர்ந்தது. பகலெல்லாம் ஓடைக்கு அப்பால் புதருக்குள் கிடக்கும். விடியற்காலையிலும் மாலையிலும் வெளியே வரும். பால் வெட்டுகிறவர்கள் மலைக்குப் போவதும் விடியற்காலையில்தான். ஒருநாள் வீரன் என்ற பால்வெட்டு ஆளைக் கொம்பில் தூக்கி எறிந்தது. புதர்மேல் விழுந்ததால் உயிர் தப்பினான். விலா எலும்புகள் முறிந்து தோட்டத்து ஆஸ்பத்திரியில் கிடந்தான். அவன் மனைவி மீனாச்சியும் அதே மலையில்தான் பால் வெட்டினாள்.

மறுநாள் காலை, பேர் பதியும் பெரட்டுக் களத்தில் ஆறாம் மலைக்காரர் ஒருவரும் வாளியைத் தூக்கவில்லை. சின்னத்துரை, துரைமாருக்கென்றே உள்ள தமிழில் கத்தினார்:

"மலைக்கி போகல்லன்னா பேர் இல்ல!"

பேர் போடாவிட்டால் அன்றைய கூலி இல்லை. அவர்களுடைய கங்காணி சுப்பன் தலைப்பாகையை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டு முன்னால் வந்தார்.

"தொரை, அது மாடு இல்லீங்க, எமன் வாகனம். எமன் எங்கயோ எறங்கிட்டாரு. வண்டி மட்டும் நம்ம மலையில நிக்குது."

அவருக்குப் பின்னாலிருந்து மீனாச்சியின் குரல் வந்தது.

"பேரு இல்லாட்டி போகட்டுங்க. பேரு இருந்து ஆளு இல்லாட்டி யார் கையில கூலி குடுப்பீங்க?"

"என்ன சொல்கிறாள்?" என்று சின்னத்துரை என்னிடம் ஆங்கிலத்தில் கேட்டார். நான் மொழிபெயர்த்தேன், கொஞ்சம் சுருக்கி.

அவருக்கும் வேறு வழி இருக்கவில்லை என்பதைச் சொல்ல வேண்டும். மாசியில் ரப்பர் மரம் இலை உதிர்க்கும். அப்போது வெட்டை நிறுத்தி மரத்துக்கு ஓய்வு கொடுக்க வேண்டும். அதற்குள் எவ்வளவு பால் எடுக்கலாமோ அவ்வளவையும் எடுக்கச் சொல்லிக் கொழும்பு ஏஜென்சியிலிருந்து கடிதத்துக்கு மேல் கடிதம் வந்துகொண்டிருந்தது. ஆறாம் மலைதான் நல்ல பால் தரும் மலை. பேசிப் பேசி அவரை ஒரு வாரத்துக்கு இணங்க வைத்தேன். அதுவரை அந்த ஆட்களுக்குப் புல்வெட்டு. அடுத்த திங்கட்கிழமை, எருமை இருந்தாலும் போனாலும், ஆறாம் மலையில் பால் வெட்டு நடக்கும். மீனாச்சியும் அவள் கூட்டாளிகளும் இருட்டுப் பிரியும் நேரத்தில் அந்த ஓடையைக் கடப்பார்கள். அதற்கு முன் எருமை போய்விட வேண்டும். எனக்கு இருந்த வேலை இவ்வளவுதான்.

விதிப்படி கச்சேரிக்கு எழுதினேன். பொறுப்புள்ள ஓர் உத்தியோகத்தரின் மேற்பார்வையில் எல்லாம் நடைபெறும் என்றும் ஒரு வரி சேர்த்தேன். கடிதங்களில் அந்த வரி எப்போதும் அழகாக இருக்கும். தபால் தராசில் நிறுத்து, முத்திரை ஒட்டி அனுப்பினேன். பிறகு கிராமத் தலைவரான ஆரச்சியைப் போய்ப் பார்த்தேன். அவரிடம் ஒரு துப்பாக்கி உண்டு. அனுமதியில்லாமல் தொட மாட்டேன் என்று அவர் தெளிவாகச் சொல்லிவிட்டார். அது மட்டுமல்ல, எருமையின் தொடையில் சூட்டுக்குறி இருந்தால் அது யாரோ ஒருவருடைய வளர்ப்பு மாடு. அப்படியானால் காட்டு மிருக விதியே பொருந்தாது. முதலில் யாராவது கிட்டப் போய்த் தொடையைப் பார்க்க வேண்டும் என்றார். அது ஆரச்சியின் கடமையல்லவா என்று கேட்டேன்.

"அனே மாத்தயா, மட்ட பே!" என்று சிங்களத்தில் சொல்லி நெஞ்சில் கைவைத்துக்கொண்டார். தன்னால் முடியாது என்பதை ஒரு மனிதர் அவ்வளவு மனமாரச் சொல்லி நான் கேட்டதில்லை.

மூன்றாம் நாள் சின்னத்துரை கந்தோருக்கு வந்தார். சீமையில் அவர் வில்வித்தைச் சங்கத்தில் இருந்தவர். பங்களாவுக்குப் பின்னால் வைக்கோல் சக்கரம் ஒன்றைக் கட்டிவைத்து ஞாயிற்றுக்கிழமைகளில் எய்து பழகுவார்.

"கிளாக்கர், வில்லுக்கு அனுமதி வேண்டுமா?"

விதியை எடுத்து மறுபடி படித்தேன். துப்பாக்கி, வெடிமருந்து, ரவை எல்லாம் இருந்தன. வில்லைப் பற்றி ஒரு சொல் இல்லை. எழுதியவர்கள் இப்படியொரு சின்னத்துரையை எதிர்பார்த்திருக்கவில்லை. விதியில் ஓட்டை கண்டுபிடிப்பது எனக்குப் பிடித்த வேலை. அந்தச் சந்தோஷத்தில், எந்த அம்பை எடுத்துக்கொண்டு போகிறார் என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை.

அன்று மாலை ஓடைக்கு மேலே மேட்டில் பாதுகாப்பாக நின்று, அறுபது கெஜ தூரத்திலிருந்து எய்தார். குறி தப்பவில்லை. அவ்வளவு தூரத்தில் தோள்மேல் தைத்தது கெட்டித்தனம்தான். எருமை ஒரு தடவை உதறியது. அம்பு ஒடிந்து விழுந்தது. எருமை மேட்டைப் பார்த்துத் தலையைத் தாழ்த்திக்கொண்டு பாய்ந்தது. சின்னத்துரை மரத்தில் ஏறிய வேகத்தை, கூடப் போயிருந்த கங்காணி பிறகு பல கல்யாண வீடுகளில் நடித்துக் காட்டினார்.

மறுநாள் காலை மீனாச்சி கந்தோர் ஜன்னலுக்கு வெளியே நின்று, உள்ளே கேட்கும்படி சொன்னாள்:

"தொரை எருமைக்கு ஊசி போட்டுட்டு வந்திருக்காருங்க. எங்க வீட்டுக்காரருக்கும் டாக்டரய்யா நேத்து ஊசி போட்டாரு. ரெண்டு பேரும் சீக்கிரம் எந்திரிச்சு வந்துருவாங்க."

சிரிப்பாக இருந்தாலும் நிலைமை முன்னைவிட மோசம். முன்பு இருந்தது ஒரு முரட்டு எருமை. இப்போது இருப்பது காயம்பட்ட முரட்டு எருமை. திங்கட்கிழமையும் தன் பாட்டுக்கு நெருங்கிக்கொண்டிருந்தது. சின்னத்துரை அன்று சாப்பிடவில்லை என்று பங்களாச் சமையல்காரர் சொன்னார். மாலையில் ஒடிந்த அம்பையும், அதே ஜாதியில் ஒரு முழு அம்பையும் கொண்டுவந்து என் மேசையில் வைத்தார். இரத்தக் கறை ஒரு விரல் நீளத்துக்கு மேல் ஏறியிருக்கவில்லை.

முழு அம்பைத் தபால் தராசில் வைத்தேன். ஓர் அவுன்ஸ்.

"உங்கள் நாட்டில் எருமையை இதைக்கொண்டா எய்வார்கள்?"

"எங்கள் நாட்டில் எருமையே கிடையாது. இது பந்தயத்துக்கு எய்யும் அம்பு. பாரம் குறைந்தால் தூரம் போகும், நேராகப் போகும்." அங்கே வில்வித்தைக்காரர்கள் அம்பை வெள்ளி நாணயத்துக்கு எதிரே தராசில் நிறுத்து, எத்தனை ஷில்லிங் எடை என்று தண்டிலேயே குறித்து வைப்பார்களாம். அதையும் காட்டினார். "பாரமான அம்பு சீக்கிரம் தாழ்ந்துவிடும். அதற்குக் கிட்டப் போய் நிற்க வேண்டும்."

"கிட்டப் போவதில் என்ன தடை?"

அவர் என்னைப் பார்த்தார். பிறகு ஜன்னலைப் பார்த்தார். "நான்தான் தடை" என்றார்.

அந்தப் பதிலுக்காகவே அந்த வாலிபரை எனக்குப் பிடித்துப்போயிற்று. தம்பிமாரே, இந்த இடத்தைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். அவர் அம்பைத் தேர்ந்தெடுத்தது எருமையைப் பார்த்தல்ல. தாம் எங்கே நிற்க விரும்புகிறார் என்பதைப் பார்த்து. தூரத்தில் நிற்க வேண்டும் என்று மனம் முதலில் முடிவு செய்துவிட்டது. கை போய் அதற்கேற்ற அம்பை எடுத்தது. வைக்கோல் சக்கரத்துக்கு அது போதும். வைக்கோல் திரும்பிப் பாயாது.

அன்றே பட்டறைக்குப் போனோம். கித்துள் மரத்தின் வைரத்தில் தண்டு செதுக்கினார் ஆசாரி. பழைய வாள்கத்தியிலிருந்து அகலமான இரும்பு நுனி அடித்தார். அதைத் தண்டில் செருகி, நூலால் வரிந்து, மேலே ரப்பர் பால் பூசிப் புகைக் கூடத்தில் காயவைத்தார். முதலில் செய்தது தராசை ஒரே அடியாகக் கீழே இறக்கியது. நாலு அவுன்சுக்கு மேல் காட்ட அந்தத் தராசால் முடியாது. சின்னத்துரை அதை எய்து பார்த்தார். இருபது அடிகூடப் போகாமல் கடப்பாரை மாதிரி மண்ணில் குத்திக்கொண்டது.

"தொரை அலவாங்க விட்டெறியிறாரு" என்றார் கங்காணி. "எருமை வந்து கீழ படுத்துக்கிட்டா சரியா விழுமுங்க."

பாரம் என்றால் எல்லாப் பாரமும் அல்ல. வில்லின் பலத்துக்குத் தாங்க வேண்டும். தண்டைச் சீவிக் குறைத்துக்கொண்டே வந்தோம். சீவுவது, நிறுப்பது, எய்வது, மறுபடி சீவுவது. கந்தோர் வேலையில் இப்படியொரு சந்தோஷமான இரண்டு நாட்கள் எனக்கு வேறு கிடைக்கவில்லை. இரண்டரை அவுன்சுக்கு வந்தபோது வில்லின் குரலே மாறியது. முன்பு நாண் 'டங்' என்று அதிரும். இப்போது மெதுவாகத் தும்மியது போல ஒரு சத்தம். அம்பு பதினைந்து கெஜத்தில் வைக்கோல் சக்கரத்தைத் துளைத்து, பின்னால் இருந்த வாழைமரத்தையும் துளைத்து நின்றது. முப்பது கெஜத்தில் முழங்கால் உயரத்துக்குத் தாழ்ந்தது. ஆகவே நிற்க வேண்டிய இடம் பதினைந்து கெஜத்துக்குள். சின்னத்துரை அந்தத் தூரத்தை இரண்டு தடவை நடந்து அளந்துவிட்டுத் தலையாட்டினார்.

நுனியைக் கூராக்க மீனாச்சியிடம் கொடுத்தோம். பால்வெட்டுக் கத்தி பிடிக்கிறவர்கள் தினமும் கல்லில் தீட்டுகிறவர்கள். மறுநாள் காலை அதை இலையில் சுற்றிக் கொண்டுவந்தாள்.

"சவரமே பண்ணலாமுங்க ஐயா. தொரைக்கு மீசை மொளச்சா சொல்லுங்க."

ஞாயிறு மாலை. ஓடைக் கரையில் எருமை புரளும் சேற்றுக்குட்டைக்கு மேலே ஒரு பலாமரம். அதன் கவட்டில் பெட்டிப் பலகைகளால் பரண் கட்டியிருந்தோம். அக்கரையில், ஏறிக்கொள்ள வசதியான ஒரு பாறைக்குப் பக்கத்தில், கங்காணி ஒரு பால் வாளியோடும் தடியோடும் இருப்பார். எருமை குட்டைக்கு வரும்போது நேரே பரணைப் பார்த்து வரும். நெற்றி எலும்பை எந்த எடை அம்பும் துளைக்காது. அது பக்கவாட்டில் திரும்ப வேண்டும். பரணிலிருந்து வெள்ளைக் கைக்குட்டை அசைந்தால் கங்காணி வாளியைத் தட்டுவார், எருமை சத்தம் வந்த பக்கம் திரும்பும், விலா தெரியும்.

கைக்குட்டையை யார் அசைப்பது என்ற கேள்வி வந்தது.

"ஐயாதான் ஏறணுமுங்க" என்றார் கங்காணி. "தொரை வில்ல புடிச்சிருக்கணும். நம்மாளு யாராவது ஏறுனா எருமையப் பாத்ததுமே கைய ஆட்டிருவான். ஐயா எதையும் யோசிக்காம செய்ய மாட்டீங்க. ஒரு லீவு கேட்டா எவ்வளவு நேரம் யோசிப்பீங்க!"

"கங்காணி, நீர் என்னைப் புகழுறீரோ, ஏசுறீரோ?"

"ரெண்டுந்தாங்க."

பொறுப்புள்ள ஓர் உத்தியோகத்தரின் மேற்பார்வை என்று நான்தானே எழுதியிருந்தேன். கோட்டோடும் சப்பாத்தோடும் பலாமரம் ஏறினேன். அதற்குப் பிறகு அந்த வரியை நான் எந்தக் கடிதத்திலும் சேர்த்ததில்லை.

வெயில் மலைக்குப் பின்னால் இறங்கும் நேரத்தில் அது வந்தது. மேலிருந்து பார்த்தபோது கொம்புகள் இரண்டும் மாட்டுவண்டி நுகத்தடி அகலம். தோளில் பழைய காயத்தைச் சுற்றி ஈ மொய்த்திருந்தது. பரணுக்கு நேர் எதிரே, பத்துப் பன்னிரண்டு கெஜத்தில் நின்று தலையைத் தூக்கி மோப்பம் பிடித்தது. சின்னத்துரை நாணை இழுத்தார். அந்த வில்லை இழுக்க எழுபது இறாத்தல் பலம் வேண்டும் என்று அவர் சொல்லியிருக்கிறார். இழுத்துப் பிடித்துக்கொண்டிருப்பதற்கு எவ்வளவு வேண்டும் என்பதை அவருடைய முழங்கை எனக்குச் சொன்னது.

கைக்குட்டை என் கையில் நனைந்து போயிருந்தது. இப்போதே அசைத்தால் முடிந்துவிடும் என்று உள்ளே ஒன்று சொல்லிக்கொண்டே இருந்தது. ஆனால் தலை நிமிர்ந்து நிற்கும் எருமை, சத்தம் கேட்டால் திரும்பிப் பார்ப்பதோடு நிற்காது. சத்தத்தை நோக்கிப் பாயும். அங்கே கங்காணி இருந்தார். நான் அசைக்கவில்லை.

"இறக்குங்கள், துரை" என்று மூச்சுக்குள்ளே சொன்னேன்.

எய்யாமல் நாணைத் திரும்ப விடுவது எய்வதைவிடக் கடினம் என்று பிறகு சொன்னார். ஒரு சத்தமில்லாமல் மெல்ல மெல்ல இறக்கினார். என் பக்கம் திரும்பாமல், "கை நடுங்குகிறது, கிளாக்கர்" என்றார்.

"எனக்கும்தான். நல்லவேளை, என் கையில் இருப்பது கைக்குட்டை."

எருமை எங்களை அறியவில்லை. தலையைத் தாழ்த்திச் சேற்றில் இறங்கியது. முன்னங்கால்கள் புதைந்தன. இனி அது பாய வேண்டுமென்றாலும் முதலில் காலைப் பிடுங்க வேண்டும். அப்போது சின்னத்துரை மறுபடி நாணை இழுத்தார். நான் கைக்குட்டையை அசைத்தேன். அக்கரையில் வாளி 'டண்' என்றது. எருமை தலையைத் தூக்கி அந்தப் பக்கம் திரும்பியது. விலா முழுவதும் எங்களுக்கு எதிரே விரிந்தது.

அந்தத் தும்மல் சத்தம்தான் கேட்டது. அம்பை நான் பார்க்கவில்லை. முன்னங்காலுக்குப் பின்னால் இறகு மட்டும் தெரிந்தது. பிறகு அதுவும் தெரியவில்லை. எருமை சேற்றிலிருந்து கால்களைப் பிடுங்கிக்கொண்டு கரையேறி, சில அடி ஓடி, எதையோ மறந்துவிட்டது போல நின்றது. பின் முழங்கால் மடித்து உட்கார்ந்து, பக்கவாட்டில் சாய்ந்தது.

அக்கரையிலிருந்து கங்காணியின் குரல் வந்தது.

"ஐயா! எமன் வந்து வண்டிய எடுத்துக்கிட்டாருங்களா?"

"எடுத்துட்டார், கங்காணி. வாரும்."

சின்னத்துரை சிரிக்க ஆரம்பித்தார். சிரிப்பு நிற்கவில்லை. நானும் சிரித்தேன். கிளாக்கரும் துரையும் ஒரே பரணில் கண்ணீர் வரச் சிரித்தது அந்தத் தோட்டத்தில் அதுவே முதல் தடவையாக இருக்கும். இறங்குவதற்குத்தான் ஏணி கேட்க வேண்டியிருந்தது.

செய்தி கேட்டதும் ஆரச்சி தாமே ஓடிவந்து, எருமையின் இரண்டு தொடைகளையும் தடவித் தடவிப் பார்த்தார். சூட்டுக்குறி இல்லை. "ஹொந்தாய், மாத்தயா, ஹொந்தாய்!" என்று மெச்சி என் கையைப் பிடித்துக் குலுக்கினார். அவ்வளவு கிட்டப் போய்ப் பார்க்க அவருக்கு இப்போது ஒரு சிரமமும் இருக்கவில்லை. முதல் அம்பின் நுனி தோள் எலும்பில் தட்டி மடங்கிக் கிடந்ததை ஆசாரி எடுத்துக் காட்டினார். இரண்டாவது அம்பு ஒரு விலாவை வெட்டிக்கொண்டு உள்ளே போய் அடுத்த பக்கத் தோலில் முட்டி நின்றது. ஒரே வில், ஒரே ஆள். மாறியது ஒன்றரை அவுன்சும், நின்ற இடமும்தான்.

திங்கட்கிழமை பெரட்டில் ஆறாம் மலைக்காரர் வாளியைத் தூக்கினார்கள். மீனாச்சி சின்னத்துரைக்கு முன்னால் வந்து நின்று, கும்பிட்டுவிட்டு, "இன்னிக்கு எம் பேரப் போடலாமுங்க தொரை" என்றாள். என்ன சொல்கிறாள் என்று கேட்பதுபோல் அவர் என்னைப் பார்த்தார். அன்றைக்கு நான் ஒரு சொல்லும் சுருக்கவில்லை.

என் மேசைக்கு வந்த வேலைகளிலும், தூர நின்று முடிப்பவை, கிட்டப் போய் முடிப்பவை என இரண்டு வகை உண்டு என்று பின்னாளில் கண்டேன். ஆளைப் பார்க்காமல் கந்தோரிலிருந்தே ஒரு குறிப்பு அனுப்பி முடிக்கலாம் என்று தோன்றும்போதெல்லாம், நான் எனக்குள் கேட்டுக்கொண்ட கேள்வி ஒன்றுதான்: இந்த அம்பை எருமைக்காக எடுத்தேனா, எனக்காக எடுத்தேனா? பாதி நாட்களில் எழுந்து சப்பாத்தை மாட்டிக்கொண்டு ஆட்கள் குடியிருக்கும் லயத்துப் பக்கம் நடக்க வேண்டியிருந்தது. மழைக்காலத்தில் அது அவ்வளவு இன்பமான வேலையல்ல. ஆனால் ஒரு வேலையும் தோளில் முறிந்த அம்போடு என்னிடம் திரும்பி வரவில்லை.

கச்சேரிக்கு அனுப்பிய கடிதத்தை மறந்தே போனோம். மரங்கள் இலை உதிர்த்து நின்றன, மறுபடி துளிர்த்தன. வீரனுக்கு விலா எலும்பு கூடியது. மனைவிக்குப் பின்னால் வாளியைத் தூக்கிக்கொண்டு அவன் முதல் தடவையாக ஆறாம் மலைக்குப் போன காலையில், கந்தோர் ஜன்னலருகே நின்று அவனைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, தபால்காரர் ஒரு நீண்ட உறையைக் கொண்டுவந்து வைத்தார். குறித்த விஷயம் கவனத்தில் உள்ளதாகவும், மேற்கொண்டு ஆலோசிப்பதற்கு முன், மிருகத்தின் தொடையில் சூட்டுக்குறி உண்டா என்பதை உயிரோடிருக்கும்போதே நேரில் பார்த்து அறிவிக்கும்படியும், அதுவரை அதைக் கலவரப்படுத்த வேண்டாம் என்றும் கண்டிருந்தது. உறையைத் தபால் தராசில் வைத்துப் பார்த்தேன். அரை அவுன்சுக்குக் குறைவு. மேல் மூலையில் வழக்கம்போலச் சிவப்பு மையில் எழுதினேன்: கிடைத்தது, ஏப்ரல் பதின்மூன்றாம் திகதி.